நூலகத்தில் பதின்ம வயதினருக்குத் தனிப் பகுதி: யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டது, குழப்பம் இப்போதுதான் ஆரம்பம்.

முதல் சிக்கல் அடுக்குவதில். டியூயி முறைப்படி (புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறை) காமிக்ஸ், கிராஃபிக் நாவல் எல்லாம் 741.5-க்குப் போய்விடும், ஓவியம் கற்றுத்தரும் புத்தகங்களுக்குப் பக்கத்தில். கதை தேடி வரும் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எண்ணை மாற்றாமல், முதுகில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டி இளையோர் அலமாரிக்கே கொண்டுவந்துவிடலாமா? கேட்டலாகில் (நூல் பட்டியலில்) இருப்பிடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்து நிகழ்ச்சிகள். பெரியவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டால் கட்டுரைப் போட்டியில்தான் போய் முடிகிறது (எனக்கே கொட்டாவி வருகிறது). பிள்ளைகளையே ஒரு சிறு குழுவாகச் சேர்த்து, எந்த நாவல் வாங்கலாம், என்ன நிகழ்ச்சி நடத்தலாம் என்று அவர்களையே முடிவு செய்யவிட ஆசை. ஆனால் பரீட்சை வந்தால் குழு காலியாகிவிடுமே! எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கதையில் காதல், மனச்சோர்வு, வன்முறை வருகிறது என்று பெற்றோர் ஆட்சேபித்தால் பேசியே முடித்துவிடுகிறீர்களா, எழுத்தில் வாங்கி மறுபரிசீலனை செய்கிறீர்களா? படிவ மாதிரி இருந்தால் பகிருங்கள். வயது லேபிள் ஒட்டுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. '16 வயதுக்கு மேல்' என்று போட்டால் 13 வயதுக்காரர் முதலில் எடுப்பது அதைத்தான்.