மாட்யூலுக்குச் ‘செயற்கொத்து’: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதும் நம் சட்டகத்தின் (ஃப்ரேம்வொர்க்) ஆவணத்தில், அதன் பகுதியான மாட்யூலைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்குக் கூறு, தொகுதி, கட்டகம் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நாலாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன், இந்த வடிவமைப்பில் மாட்யூல் என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். சொல் அதிலிருந்துதான் வர வேண்டும்.

இங்கே மாட்யூல் ஒரு வகுப்பு (க்ளாஸ்) அல்ல, வெறும் கோப்பு. அதை ஏற்றினால் ஓர் அணியை (அரே) திருப்பித் தரும். அணியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பெயரில்லாச் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்று இருக்கும். அவ்வளவுதான். தனக்கென்று எந்த நிலையையும் (ஸ்டேட்), அதாவது இயங்கும்போது மாறும் தரவை, அது வைத்துக்கொள்வதில்லை.

ஏன் இப்படி? வகுப்புகளைத் தேவைப்படும்போது தானாக ஏற்றும் வசதி பிஎச்பியில் உண்டு, செயற்கூறுகளுக்கு இல்லை. செயற்கூறுக் கோப்புகளை, பிஎச்பி நூலகங்களை நிர்வகிக்கும் கருவியான கம்போசரின் ‘ஃபைல்ஸ்’ பட்டியலில் போட்டால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அத்தனை கோப்புகளும் ஏறிவிடும். பெயரை வைத்தே இணைப்பதும் சிக்கல்தான். பிஎச்பியில் எழுதப்பட்ட தள மேலாண்மை மென்பொருளான ட்ரூபலில், மாட்யூல்கள் தம் செயலை இடையில் நுழைக்கும் பழைய கொக்கி (ஹூக்) முறையில் மாட்யூலின் பெயர், அடிக்கோடு, கொக்கியின் பெயர் என்று சேர்த்துச் செயற்கூறுக்குப் பெயர் வைப்பார்கள். ‘படம்’ மாட்யூலின் ‘பட்டியல்_மாற்று’ கொக்கியும், ‘படம்_பட்டியல்’ மாட்யூலின் ‘மாற்று’ கொக்கியும் ‘படம்_பட்டியல்_மாற்று’ என்ற ஒரே பெயரில் வந்து முட்டும். அணியாகத் திருப்பித் தந்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஒன்றை மட்டும் ஆவணத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்: கோப்பை ஒரே முறை மட்டும் ஏற்றும் பிஎச்பி கட்டளையான ‘ரெக்வயர்_ஒன்ஸ்’ இரண்டாம் முறை அணியைத் தராது, வெறும் ‘ட்ரூ’வைத்தான் (உண்மை என்ற மதிப்பு) தரும். ஆகவே முதல் முறை வந்த அணியை, கோப்பை ஏற்றும் நிரலே (லோடர்) பத்திரப்படுத்த வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘கூறு’ எனக்கு ஒப்பவில்லை. ஃபங்ஷனுக்குச் செயற்கூறு என்பது நிலைத்துவிட்ட சொல். மாட்யூலையும் கூறு என்றால் “கூறில் உள்ள செயற்கூறு” என்று எழுத நேரும். எது எதற்குள் இருக்கிறது என்று புதிதாகப் படிப்பவர் திணறுவார். ‘தொகுதி’ பொதுவான சொல், எதற்கும் பொருந்தும். அதுவே அதன் குறை. ‘கட்டகம்’ நல்ல சொல்தான், பயிற்சிக் கட்டகம் என்று ஆசிரியர்கள் வழங்குகிறார்கள். ஆனால் ஃப்ரேம்வொர்க்கைச் சட்டகம் என்று வைத்துக்கொண்டு “சட்டகத்தின் கட்டகம்” என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதினால் கண்ணும் இடறும், காதும் இடறும்.

‘செயற்கட்டு’ என்றும் யோசித்தேன். வேற்றுமை உருபு ஏறியதும் ‘செயற்கட்டை’ ஆகி, மரக்கட்டை போல நிற்கிறது. ‘செயற்குழு’ கூட்டம் போடப் போய்விடும். ‘செயற்கோவை’யும் ஆகாது, கணிதத்தில் எக்ஸ்பிரஷனுக்குக் கோவை என்கிறோம், நிரலிலும் அந்தச் சொல் வேண்டியிருக்கும்.

என் முன்மொழிவு ‘செயற்கொத்து’. சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியும் தன் பூட்டைத் தானே திறக்கிறது, வளையம் சேர்த்து வைத்திருக்கிறது, அவ்வளவே. நம் கோப்பு செய்வதும் அதுதான். செயற்கூறு, செயற்கொத்து என்று பகுதியும் முழுதும் ஒரே வேரில் அமைகின்றன. செயற்கொத்தில், செயற்கொத்துக்கு, செயற்கொத்துகள் என்று உருபும் விகுதியும் ஏற்றால் குழப்பமில்லை. இடம் தெளிவாக இருந்தால் ‘கொத்து’ என்றே சுருக்கலாம். லோடருக்குக் ‘கொத்தேற்றி’ எனலாம். கணினிகளின் கூட்டத்தைக் குறிக்கும் க்ளஸ்டரோடு மோதாதா என்று கேட்கலாம். அதற்குக் கொத்தணி என்ற சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். வகுப்புகளால் அமைந்த மாட்யூலுக்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அது வேறு பொருள், வேறு பெயர் பெறட்டும்.

அப்புறம், டிபென்டென்சிக்குச் ‘சார்பு’ என்று வரைவில் இருக்கிறது. கணிதத்தில் ஃபங்ஷனே சார்புதான் என்பதால் அதை மாற்றியாக வேண்டும். ஒரு கொத்து தனக்கு வேண்டிய மற்ற கொத்துகளைச் சொல்லும் இடத்துக்குத் ‘தேவைகள்’ போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால், பெயர்கள் நிரலுக்குள் போகும் முன் சொல்லுங்கள்.