முதல் பிரசவம்: வலி ஆரம்பிக்கிற கட்டம் பத்தி சொல்லுங்க தோழிகளே

எனக்கு 38 வாரம், முதல் குழந்தை. கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. திறக்கணும், அப்புறம் முக்கணும், குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி வெளியே வரணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கடைசி ரெண்டும் புரியுது. முதல் கட்டம்தான் பயமா இருக்கு. 5 செ.மீ. வரைக்கும் மெதுவாத்தான் போகுமாம், தலைப்பிரசவம்னா நாள் முழுக்கக்கூட ஆகலாமாம். பயந்தா அட்ரினலின்ங்கிற ஹார்மோன் ஏறி பிரசவம் இன்னும் மெதுவாகலாம்னும் சொல்றாங்க (பயப்படாதேன்னா பயம் போயிடுமா என்ன!).

சுகப்பிரசவம் ஆனவங்க சொல்லுங்க, அந்த நேரத்துல நடந்தீங்களா, ஒருக்களிச்சுப் படுத்தீங்களா? குழந்தையோட தலை கீழே வந்திருச்சு, ஆனா முகம் என் வயித்துப் பக்கம் பார்த்திருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. இப்படி இருந்து, வலி முழுக்க முதுகுலயே வந்தவங்க இருக்கீங்களா? வலியோட நடுவுல குழந்தை தானா உங்க முதுகுப் பக்கம் திரும்புச்சா?

அப்புறம், பொய்வலியா நிஜவலியான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?