டிரில் மாஸ்டருக்கு நாற்காலி யோகா

குழு: வில்லியனூர் வீடு

ஞாயிறு, காலை 8.12

செந்தில்: எல்லோருக்கும் ஒரு தகவல். நேற்று அப்பாவை இதயச் செக்கப்புக்கு அழைத்துப் போனேன். எக்கோ ஸ்கேனில் இ.எஃப். 32. போன முறை 27. கால் வீக்கம் வற்றிவிட்டது. இனி மெதுவாக உடற்பயிற்சி ஆரம்பிக்கலாம், யோகா தெரிந்தவர் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார்.

விஜயா: கோகிலாம்பாள் அம்மன் கைவிடவில்லை.

ராமலிங்கம்: யோகா என்று சொன்னதுமே எனக்குப் பாதி குணமாகிவிட்டது. நாளைக் காலை சிரசாசனத்தில் ஆரம்பிக்கிறேன்.

சரோஜா: பார்த்தீர்களா? டாக்டர் சொன்னதில் 'மெதுவாக' மட்டும் இவர் காதில் விழவில்லை.

பாலாஜி: மாமா, பள்ளி ஆண்டு விழா மேடையில் நீங்கள் தலைகீழாக நிற்கும் போட்டோ இன்னும் அம்மா பீரோவில் இருக்கிறது.

ராமலிங்கம்: அது 1986. கலெக்டர் கைதட்டினார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு டிரில் எடுத்தவனுக்கு யாரும் யோகா சொல்லித்தர வேண்டாம்.

குமார்: (பலமுறை பகிரப்பட்டது) இதயம் பலவீனமா? மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள்!! தினமும் அரை மணி நேரம் கபாலபாதி, பஸ்த்ரிகா. கூடவே மருதம்பட்டைக் கஷாயம். 21 நாளில் இதயம் புதிதாகும். மருந்துக் கம்பெனிகள் மறைக்கும் ரகசியம். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

வெண்ணிலா: அப்பா. முதலில் அதை அழியுங்கள்.

குமார்: நல்லதுக்குத்தானே அனுப்பினேன். வாக்கிங் நண்பர்கள் குழுவில் வந்தது.

வெண்ணிலா: அந்தக் குழுவில் யாருக்கும் இ.எஃப். 32 இல்லை. மாத்திரையைத் தூக்கி எறி என்று ஒரு வரி வந்தாலே மிச்சத்தைப் படிக்க வேண்டாம்.

(குமார் இந்தச் செய்தியை அழித்துவிட்டார்)

பாலாஜி: குமார் மாமா, நான் ஏற்கெனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

விஜயா: வெண்ணிலா, நீ இதய நோயாளிகளுக்கு பிசியோ பார்க்கிறவள். நீயே சொல். அண்ணன் யோகா செய்யலாமா, கூடாதா? இந்த இ.எஃப். என்றால் என்ன, எனக்கு இன்னும் புரியவில்லை.

வெண்ணிலா: அத்தை, இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு அது. நூற்றில் 55க்கு மேல் போனால் சரி. பெரியப்பாவுக்கு 32 போகிறது. வோல்டேஜ் குறைந்த மோட்டார் போல இதயம் ஓடுகிறது, ஆனால் மாடித் தொட்டி நிரம்பவில்லை. மிச்சம் பின்னால் தேங்கி நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்தது. யோகா தாராளமாகச் செய்யலாம். ஆனால் பெரியப்பாவுக்குத் தெரிந்த யோகாவை இல்லை.

ராமலிங்கம்: எனக்குத் தெரியாத யோகா எது?

வெண்ணிலா: பெரியப்பா, கோபிக்காமல் ஒரு கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், கேன்வாஸ் ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் மூச்சு வாங்கியதா?

சரோஜா: வாங்கியது. தொப்பை என்றார். ராத்திரி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்கினார்.

வெண்ணிலா: அதேதான். குனியும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுகிறது. தட்டையாகப் படுத்தால் காலில், வயிற்றில் இருக்கும் ரத்தம் நெஞ்சை நோக்கி வருகிறது. பலவீனமான இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் மூச்சு முட்டுகிறது. படுத்தாலே இப்படி என்றால் தலைகீழாக நின்றால் என்ன ஆகும்? அதனால் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றும் வேண்டாம். தலை இதயத்துக்குக் கீழே போகிற எதுவும் வேண்டாம். நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனமும் அதில் சேரும்.

ராமலிங்கம்: சூரிய நமஸ்காரம்?

வெண்ணிலா: இப்போது வேண்டாம். அதிலும் குனிந்து நிமிர்வது இருக்கிறது. மூச்சை வேகவேகமாகத் தள்ளும் கபாலபாதி, பஸ்த்ரிகா வேண்டாம். மூச்சை அடக்கும் கும்பகம் கூடவே கூடாது. மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கி ஆட்டம் போடும். கழிப்பறையில் முக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் அதற்காகத்தான்.

பாலாஜி: குடும்பக் குழுவில் கழிப்பறை வந்துவிட்டது.

ராமலிங்கம்: இவ்வளவையும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? உட்கார்ந்து மூச்சு விடுவதா? அதை என் பாட்டியும் செய்தாள்.

செந்தில்: அப்பா, அவளை முழுதாகச் சொல்ல விடுங்கள்.

ஞாயிறு, காலை 9.40

வெண்ணிலா: குளித்துவிட்டு வந்தேன். நீளமாக எழுதுகிறேன், அவசரம் இல்லாமல் படியுங்கள்.

அந்த 'உட்கார்ந்து மூச்சு விடுவது'தான் பெரியப்பா சரக்கு. இதயம் பலவீனமானால் உடம்பு ஆபத்து என்று நினைத்து, பதற்ற நரம்புகளை இரவும் பகலும் முடுக்கிவிடுகிறது. துடிப்பு ஏறும், ரத்தக்குழாய் சுருங்கும், இதயத்துக்கு இன்னும் சுமை கூடும். உங்களுக்குக் கொடுக்கும் பிசோப்ரோலால் மாத்திரை இந்த முடுக்கத்தைத்தான் குறைக்கிறது. மெதுவான மூச்சும் அதே திசையில் கொஞ்சம் கை கொடுக்கிறது. கொஞ்சம்தான். மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது.

1998இல் இத்தாலியில் பெர்னார்டி என்பவரின் குழு, பெரியப்பாவைப் போல இதயம் பலவீனமான (இதயச் செயலிழப்பு) நோயாளிகளை நிமிடத்துக்கு 6 மூச்சு விடப் பழக்கியது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கூடியது, உடற்பயிற்சித் திறனும் கூடியது.

நம் பக்கத்திலேயே, புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் 12 வாரம் செய்து பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான மருந்து மட்டும், மறு பாதிக்கு மருந்தோடு யோகா. யோகா செய்தவர்களுக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன.

குமார்: பார்த்தாயா! அப்போது யோகா வேலை செய்கிறது.

வெண்ணிலா: அப்பா, 'மருந்தோடு' என்று எழுதியிருக்கிறேன். அதில் 130 பேரைச் சேர்த்தார்கள், முடித்தவர்கள் 92 பேர். எல்லோரும் லேசான கட்டத்தில் இருந்தவர்கள். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகம் 2008இல் செய்தது வெறும் 19 பேரை வைத்து. 2024இல் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரிக்காரர்கள் லிஸ்பன் மாநாட்டில் சொன்னது 85 பேரை வைத்து. எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. மூச்சுத் திணறல் குறைகிறது, நடக்க முடிகிறது, மனம் தெளிகிறது. ஆனால் சின்ன ஆய்வுகள். ஆயுள் கூடும் என்று இவற்றை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

செந்தில்: பெரிய ஆய்வே இல்லையா?

வெண்ணிலா: மாரடைப்பு வந்தவர்களுக்கு இருக்கிறது. இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 பேர். மூன்று மாதத்தில் 13 வகுப்பு. மறுபடி மாரடைப்போ மரணமோ குறைந்ததா என்று பார்த்தால், உறுதியாகச் சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்பியதிலும், 'நன்றாக இருக்கிறேன்' என்று அவர்களே சொன்னதிலும் யோகா செய்தவர்கள் முன்னால் இருந்தார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பெரியப்பா சைக்கிளில் ஊசுடு ஏரி வரை போய்வர வேண்டும் என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்?

ராமலிங்கம்: ஏரிக்கு எப்போது போகலாம்?

வெண்ணிலா: முதலில் வாசலில் இருந்து தேரடி வரை நடங்கள்.

விஜயா: என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன வாரம் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அவளும் இதைச் செய்யலாமா?

வெண்ணிலா: இப்போதைக்கு இல்லை அத்தை. வைத்த பக்கத்துக் கையைச் சில வாரம் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. அவர்களுடைய டாக்டர் எத்தனை வாரம் என்று சொல்வார். மூச்சுப் பயிற்சியையும் கேட்டுவிட்டே ஆரம்பிக்கட்டும்.

ராமலிங்கம்: சரி, பாடத்திட்டத்தைச் சொல். வாத்தியாருக்கே பாடம்.

வெண்ணிலா: காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கு யோகாவும் இல்லை, நடையும் இல்லை, டாக்டருக்குப் போன்.

சரோஜா: கடலூர் கல்யாணத்துக்குப் போய்வந்து இரண்டரை கிலோ ஏறியது ஞாபகம் இருக்கிறதா? அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு. கேட்டால், இந்துப்பு சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்று யாரோ சொன்னார்களாம்.

வெண்ணிலா: இந்துப்பும் சோடியம்தான் பெரியம்மா. கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பையும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது, பெரியப்பா சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. உப்புக் கதை தனி, அதைச் சாயங்காலம் போனில் பேசலாம்.

இப்போது பயிற்சி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பாதம் இரண்டையும் தரையில் ஊன்றுங்கள். கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் ஒவ்வொன்றையும் மெதுவாகச் சுழற்றுங்கள். கையை உயர்த்தும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது வெளியே. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு காலாக நீட்டி மடக்குங்கள். அப்புறம் எழுந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்கும் தாடாசனம், குதிகாலை லேசாக உயர்த்தி இறக்குவது. எழுந்ததும் உடனே நகராதீர்கள். உங்கள் மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை, சட்டென்று எழுந்தால் கண்ணைக் கட்டும்.

அப்புறம்தான் மூச்சு. 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. நடுவில் அடக்குவது இல்லை. ஐந்து நிமிடம் போதும். முடிவில் சவாசனம், ஆனால் தட்டையாக இல்லை. அதே தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொள்ளுங்கள்.

ராமலிங்கம்: நாடி எவ்வளவு வரை ஏறலாம்? 220இல் வயதைக் கழித்து அதில் எழுபது சதவீதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வெண்ணிலா: நல்ல கேள்வி. அந்தக் கணக்கு உங்களுக்கு இனி உதவாது. பிசோப்ரோலால் நாடியை ஏற விடாது. நாடி 80 என்று காட்டும், நீங்களோ களைத்துப் போயிருப்பீர்கள். அதனால் பேச்சுதான் அளவு. பயிற்சி செய்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இல்லை, எண்தான் வேண்டும் என்றால் களைப்பை அளக்கும் போர்க் அளவுகோல் இருக்கிறது. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் உயிர் போகும் களைப்பு. நீங்கள் 11க்கும் 13க்கும் நடுவில் இருங்கள்.

ராமலிங்கம்: 6இல் ஏன் தொடங்குகிறது, 1இல் ஏன் இல்லை?

வெண்ணிலா: எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான ஆளின் நாடி சுமாராக வரும்படி வைத்தார்கள். 6 என்றால் 60.

ராமலிங்கம்: அப்படிச் சொல். இது எனக்குப் பிடித்திருக்கிறது. சுவரில் எழுதி ஒட்டுகிறேன்.

சரோஜா: கணக்கு வந்தவுடன் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நேரம் உர்ரென்று இருந்தார்.

வெண்ணிலா: நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், பேச முடியாத மூச்சிரைப்பு, இவற்றில் ஏதாவது வந்தால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். உட்கார்ந்தும் அது அடங்கவில்லை என்றால் 108. முக்கியமாக, தனியாகச் செய்ய வேண்டாம். இந்தப் பட்டியலைச் செந்தில் அண்ணன் டாக்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்கட்டும். முதல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரி ரீஹேப் (மறுவாழ்வுப் பயிற்சி) பிரிவிலேயே கண் பார்வையில் செய்தால் எனக்கு நிம்மதி.

செந்தில்: செவ்வாய்க்கிழமை நேரம் வாங்குகிறேன். அதுவரை வெறும் மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா?

வெண்ணிலா: போதும். அதுவும் 4, 6 எண்ணுவதற்குத் திணறினால் 3, 4 என்று குறைத்துக்கொள்ளலாம். இதில் ரெக்கார்டு உடைக்க ஒன்றும் இல்லை.

குமார்: எனக்கு பி.பி. மட்டும்தான். நான் கபாலபாதி செய்யலாமா?

வெண்ணிலா: அப்பா, நீங்கள் முதலில் பி.பி. மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

பாலாஜி: இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

ஞாயிறு, மாலை 6.05

ராமலிங்கம்: ஐந்து நிமிடம் செய்து பார்த்தேன். சரோஜா எண்ணினாள். அவள் எண்ணும் வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்பது மூச்சு வந்தது. நாளை முதல் நானே கடிகாரத்தை வைத்துப் பார்க்கிறேன்.

சரோஜா: அடுப்பில் பால் இருந்தது.

விஜயா: அண்ணி, எந்த நாற்காலி? அந்த நீல பிளாஸ்டிக் நாற்காலி என்றால் வேண்டாம். போன பொங்கலுக்கு நான் உட்கார்ந்ததும் கால் வழுக்கியது.

வெண்ணிலா: நல்லவேளை சொன்னீர்கள் அத்தை. பிளாஸ்டிக் வேண்டாம், காலில் சக்கரம் வைத்த நாற்காலியும் வேண்டாம். கனமான மரநாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள்.

குமார்: அப்பாவின் தேக்கு நாற்காலி என் வீட்டு மாடியில் இருக்கிறது. ஒரு பிரம்பு அறுந்திருக்கிறது, பின்னக் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை கொண்டுவருகிறேன்.

ராமலிங்கம்: பின்னுகிறவன் ஒரு மாதம் இழுப்பான். மேலே பலகை போட்டு நாளைக்கே கொண்டுவா. அப்படியே பழைய விசிலையும் தேடு.

வெண்ணிலா: விசில் ஊதக்கூடாது பெரியப்பா.

ராமலிங்கம்: எனக்கு இல்லை. சரோஜாவுக்கு.