அம்பாசிடர் 1489 பெட்ரோல்: 2, 3 சிலிண்டர் ரெண்டும் அடிக்கல. கார்புரேட்டரா, கேஸ்கெட்டா?

கேள்வி:
மார்க் 4 வண்டி. ஸ்லோவுல உதறுது, மேட்டுல இழுவையே இல்ல. பிளக் லீடை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தா 1, 4-க்கு ஆர்பிஎம் விழுது. 2, 3-க்கு ஒரு மாற்றமும் இல்ல. புது பிளக் போட்டு, பாயிண்ட் கேப் 15 தௌ (தௌ = அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) வச்சாச்சு. தண்ணி குறையல, ஆயிலும் வெளுக்கல. கார்புரேட்டர் சர்வீஸ் பண்ணச் சொல்றாங்க. செய்யலாமா?

பதில் 1:
கார்புரேட்டரைத் தொடாதீங்க சார். இந்த ஹெட்டுக்கு இன்லெட் வாசல் ரெண்டுதான்: 1-2க்கு ஒண்ணு, 3-4க்கு ஒண்ணு. மேனிஃபோல்டுல (கார்புரேட்டர்லேர்ந்து ஹெட்டுக்குப் போற குழாய்) காத்து இழுத்தா அந்த ஜோடிதான் படுக்கும். 2-3 மட்டும் படுத்தா, லீடு மாறியிருக்கணும் இல்ல ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கணும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். லீடு சரின்னா, இன்ஜின் சூட்டோட நாலு பிளக்கும் கழட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம்) எடுங்க.

கேட்டவர்:
லீடு சரியாதான் இருக்கு. வரிசையா 120, 45, 45, 118 பி.எஸ்.ஐ. 2, 3-ல கொஞ்சம் ஆயில் விட்டும் 50 தாண்டல.

பதில் 2:
ஆயிலுக்கு ஏறலேன்னா ரிங் இல்ல. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் ஒரே அளவுக்கு இறங்கினா கேஸ்கெட்தான். 2-க்கும் 3-க்கும் எக்ஸாஸ்ட் வாசல் பொது, சூடு முழுக்க நடுவுலதான் தங்கும். கிழிசல் ரெண்டு போருக்கு (சிலிண்டர் துளை) நடுவுல மட்டும் இருந்தா தண்ணி குறையாது.

கழட்டும்போது ஒண்ணு கவனம். ராக்கரைப் (வால்வை அமுக்குற கைகள்) பிடிக்கிற நட்டுகள்ல நாலு, ஹெட்டையும் பிடிக்குது. அதனால முதல்ல தண்ணியை வடிச்சு, எல்லா ஹெட் நட்டையும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. ராக்கரை மட்டும் உருவினா ஹெட் வளையும். புஷ் ராடை வரிசை மாறாம அட்டையில குத்தி வைங்க. ஹெட், பிளாக் ரெண்டுலயும் நேர்சட்டம் வச்சு, 2-3 நடுவுல ஃபில்லர் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. 3 தௌ நுழைஞ்சா லேத்துல ஃபேஸ் அடிச்சே (முகத்தைச் சமமாச் சீவி) ஆகணும். ஸ்டட் ஓட்டை விளிம்பு மேலெழும்பியிருந்தா லேசா சீவி விடணும். பலர் விடுற தப்பு இதுதான், புது கேஸ்கெட்டும் அங்க உட்காராது.

கேஸ்கெட்டுல ‘டாப்’, ‘ஃப்ரண்ட்’னு அடிச்சிருக்கும். நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, மூணு தடவையில 40 பவுண்ட்-அடி டார்க். ராக்கரோட சின்ன நட்டுக்கு 25 போதும்.

பதில் 3:
டாப்பட் கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல விடுற இடைவெளி) 15 தௌ. ஒன்பது கணக்கு வைங்க, அதாவது திறந்த வால்வு நம்பரும் அட்ஜஸ்ட் பண்ற வால்வு நம்பரும் சேர்ந்தா ஒன்பது வரணும்: 8-வது வால்வு முழுசா திறந்தா 1-ஐ அட்ஜஸ்ட் பண்ணு, 6 திறந்தா 3, 4 திறந்தா 5, 7 திறந்தா 2, அப்புறம் அதையே தலைகீழா. 500 கி.மீ. ஓடினதும், இன்ஜின் ஆறினபிறகு மறுபடி டார்க் வச்சு, டாப்பட்டையும் திரும்பப் பாருங்க. ஹெட் அமுங்கினா டாப்பட் கேப் குறையும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

கேட்டவர்:
திறந்தாச்சு. 2-3 நடுவுல விரல் அகலத்துக்குக் கேஸ்கெட் எரிஞ்சு போயிருக்கு. ஹெட்டுல 4 தௌ நுழையுது, பிளாக் நேர். ஹெட் லேத்துக்குப் போகுது.

பதில் 2:
ஃபேஸ் அடிச்சதும் பொடி போக ஹெட்டோட தண்ணி வழியெல்லாம் காத்தடிச்சுக் கழுவுங்க. தெர்மோஸ்டாட்டையும் வெந்நீர்ல போட்டு, திறக்குதான்னு பார்த்துட்டு மாட்டுங்க.