கர்னல் டிரேஸ்பாயிண்டில் சரங்களைப் பதிவது: நகலா, சுட்டியா, எண்ணா?

கேள்வி

வணக்கம். லினக்ஸ் கர்னலுக்கு ஒரு பிளாக் சாதன (வட்டு போன்ற சேமிப்புச் சாதன) டிரைவர் எழுதி வருகிறேன். ஒவ்வொரு கோரிக்கையும் முடியும் இடத்தில் ஒரு டிரேஸ்பாயிண்ட் (நிகழ்வைப் பதிய நிரலில் வைக்கும் புள்ளி) வைத்திருக்கிறேன். அதில் சாதனப் பெயருக்கு 64 பைட் அணியும், செயல்வகையை (படித்தல், எழுதுதல் போன்றவை) சொல்லாகவே பதிய 32 பைட் அணியும், செக்டர் (வட்டில் தரவு இருக்கும் இடம்) எண்ணுக்கு 8 பைட்டும் உள்ளன. செயல்வகைச் சொல்லை டிரேஸ்பாயிண்டை அழைப்பதற்கு முன்பே எஸ்என்பிரிண்ட்எஃப் (சரத்தை வடிவமைக்கும் சார்பு) மூலம் உருவாக்கிக் கொடுக்கிறேன். சுமை கூடும்போது பழைய பதிவுகள் மிக விரைவில் மேலெழுதப்பட்டுவிடுகின்றன. டிரேஸிங்கை அணைத்து வைத்திருக்கும்போதும் அந்த இடத்தில் சிபியு நேரம் செலவாவதை பெர்ஃப் (செயல்திறன் அளக்கும் கருவி) காட்டுகிறது. சரங்களை (எழுத்துத் தொடர்களை) நகலெடுக்காமல் அவற்றின் சுட்டியை (நினைவக முகவரியை) மட்டும் பதிந்தால் போதுமா?

மறுமொழி 1

முதலில் அணைத்து வைத்தபோதும் ஆகும் செலவைப் பார்ப்போம். அணைந்திருக்கும் டிரேஸ்பாயிண்ட் ஏறத்தாழ ஒன்றும் செய்யாத ஒரு கட்டளைதான். ஸ்டாட்டிக் கீ (ஓடும் நிரலின் கட்டளையையே மாற்றும் நிபந்தனை) முறையில், இயக்கும்போது மட்டுமே அது தாவல் கட்டளையாக மாற்றப்படுகிறது. ஆனால் உங்கள் எஸ்என்பிரிண்ட்எஃப் அந்த நிபந்தனைக்கு வெளியே நிற்பதால், கேட்பார் இல்லாதபோதும் ஓடுகிறது. ஒவ்வொரு டிரேஸ்பாயிண்டுக்கும், அது இயங்குகிறதா என்று அதே கீ வழியாகச் சொல்லும் ‘எனேபிள்டு’ சார்பு தானாகவே உருவாகிறது; முன்தயாரிப்பு தவிர்க்க முடியாததென்றால் அந்தச் சார்பின் நிபந்தனைக்குள் வையுங்கள். உங்கள் நிலையில் முன்தயாரிப்பே தேவையில்லை. சொல்லாக்கும் வேலையைப் பதியும் பக்கத்திலிருந்து படிக்கும் பக்கத்துக்குத் தள்ளுவதுதான் இங்கு முழு உத்தியும்.

செயல்வகையை 4 பைட் எண்ணாகப் பதியுங்கள். அச்சிடும் பகுதியில் பிரிண்ட் சிம்பாலிக் மேக்ரோவில் எண்ணுக்குரிய சொற்களைக் கொடுத்தால், யாராவது டிரேஸ் கோப்பைப் படிக்கும்போதுதான் சொல் உருவாகும். எண்கள் ஈனம் (பெயரிட்ட எண்) மாறிலிகளாக இருந்தால், டிரேஸ் டிஃபைன் ஈனம் மேக்ரோவையும் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லையென்றால், பதிவின் அமைப்பை விவரிக்கும் ஃபார்மேட் கோப்பில் மாறிலியின் பெயரே நிற்கும், டிரேஸ்-சிஎம்டி போன்ற வெளிக் கருவிகளுக்கு அதன் மதிப்பு தெரியாது.

சாதனப் பெயரை நகலெடுப்பதே சரி, ஆனால் நிலையான 64 பைட்டில் வேண்டாம். ஸ்ட்ரிங் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள். அது பதிவுக்குள் 4 பைட் குறிப்பொன்றை மட்டும் வைக்கிறது: கீழ் 16 பிட்டில் சரம் தொடங்கும் இடம், மேல் 16 பிட்டில் அதன் நீளம். சரம் தனக்குத் தேவையான பைட்டுகளோடு பதிவின் கடைசியில் அமர்கிறது. ஏழு எழுத்துள்ள என்விஎம்இ சாதனப் பெயர் ஒன்றுக்கு முடிவுக்குறியோடு 8 பைட், குறிப்புக்கு 4 பைட், ஆக 12 தான்.

64 பிட் எக்ஸ்86 கணினியில் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் ரிங் பஃபர் (பழையதை மேலெழுதும் வட்டப் பதிவிடம்) தலைப்புக்கு 4 பைட்டும் பொதுப் புலங்களுக்கு 8 பைட்டும் போகின்றன. உங்கள் இப்போதைய பதிவு 116 பைட்; மாற்றினால் 36 பைட். 4096 பைட் பக்கத்தில் பக்கத் தலைப்பு 16 பைட் போக, இப்போது 35 பதிவுகள் கொள்கின்றன. அப்போது 113 கொள்ளும். பஃபரைப் பெரிதாக்காமலேயே மூன்று மடங்குக்கும் மேலான வரலாறு கையில் நிற்கும்.

மறுமொழி 2

சுட்டியை மட்டும் பதிவது பற்றி ஓர் எச்சரிக்கை. பதியும் நேரமும் படிக்கும் நேரமும் வேறு. இடையில் சாதனம் நீக்கப்பட்டாலோ மாட்யூல் இறக்கப்பட்டாலோ, அந்தச் சுட்டி விடுவிக்கப்பட்ட நினைவகத்தைக் காட்டும். டிரேஸ் கோப்பைத் திறந்து பார்ப்பவரே கர்னலை வீழ்த்திவிடலாம். இத்தகைய பிழைகள் திரும்பத் திரும்ப வந்ததால்தான், சரச் சுட்டிகளை அச்சிடுமுன் சரிபார்க்கும் சோதனை 5.13 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சரம் கர்னலிலேயே நிலையாக இருக்கும் மாறிலியாக இருந்தால் மட்டும் சுட்டி போதும். அதற்கும் டிரேஸ்பாயிண்ட் ஸ்ட்ரிங் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள். கர்னலின் ஒத்திசைவு அமைப்பான ஆர்சியு அப்படித்தான் செய்கிறது. அந்த மேக்ரோ முகவரியையும் சரத்தையும் பிரிண்ட்கே ஃபார்மேட்ஸ் கோப்பில் இணைத்துக் காட்டுவதால், மூலப் பதிவுகளைப் படிக்கும் வெளிக் கருவிகளுக்கும் பொருள் விளங்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். சரத்தை நிரப்பும் அசைன் மேக்ரோ 6.6 கர்னலில் இரண்டு அளபுருக்களைக் கேட்கிறது, 6.12-இல் ஒன்றைத்தான் ஏற்கிறது, எதைப் பின்பற்றுவது? கோரிக்கையை அனுப்பிய செயலின் (பிராசஸின்) பெயரையும் பதிய வேண்டுமென்றால் இதே முறைதானா?

மறுமொழி 1

6.10 முதல் இரண்டாவது அளபுரு நீக்கப்பட்டது. ஸ்ட்ரிங் மேக்ரோவிலேயே மூலச் சரத்தைக் கொடுத்துவிடுகிறோம், இரண்டாம் முறை கொடுப்பது வீண். பழைய முறையில் ஆபத்தும் இருந்தது: நீளத்தை ஓரிடத்தில் அளந்து, இன்னோர் இடத்தில் முடிவுக்குறி வரை நகலெடுத்ததால், இடையில் சரம் நீண்டால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுத வாய்ப்பிருந்தது. இப்போது முதலில் அளந்த நீளமும் சுட்டியும் நினைவில் வைக்கப்பட்டு, அவ்வளவு பைட்டுகள் மட்டுமே நகலாகின்றன. டிரைவர் கர்னல் மூலத்துக்கு வெளியே இருந்தால், பதிப்பு எண்ணைச் சோதிக்கும் சிறு மேக்ரோ ஒன்றால் இரண்டையும் ஆதரிக்கலாம். பழைய பதிப்புகளில் ஓட வேண்டியிருந்தால், பெயர் மாறாதபடி பூட்டுக்குள் இருந்து அழையுங்கள்.

செயலின் பெயரைப் பொதுவாகப் பதிய வேண்டாம். பொதுப் புலங்களில் செயல் எண் ஏற்கெனவே இருக்கிறது. 16 பைட் பெயரை ஒவ்வொரு பதிவிலும் சுமப்பதற்குப் பதிலாக, எண்ணுக்குரிய பெயரை டிரேஸர் தனி அட்டவணையில் வைத்து, படிக்கும்போது இணைக்கிறது. உங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு: கோரிக்கை முடிவது பெரும்பாலும் இன்டரப்டில் (சாதனம் சிபியுவை இடைமறிக்கும்போது) என்பதால், அங்கே பதியும் எண் அந்நேரம் சிபியுவில் ஓடிய ஏதோவொரு செயலுடையது, அனுப்பியவருடையது அல்ல. ஆகவே அனுப்பும் இடத்தில் இன்னொரு டிரேஸ்பாயிண்ட் வைத்து, செக்டர் எண்ணால் இரண்டையும் பொருத்துங்கள். அந்தப் பெயர் அட்டவணையின் இயல்பு அளவு நெடுங்காலம் 128 ஆகவே இருந்தது. நிரம்பினால் பெயருக்குப் பதில் <...> என்று வரும். செயல்கள் மிகுந்த கணினியென்றால், டிரேஸைத் தொடங்குமுன் சேவ்டு சிஎம்டிலைன்ஸ் சைஸ் கோப்பில் பெரிய எண்ணை எழுதிவிடுங்கள்.