புதுப்பிப்பு: மூடிய ஸ்டோரில் ஓடும் ரோதை

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் மூடிக்கிடக்கும் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இராத்திரியானால் ரோதை, அதாவது இயந்திரம், ஓடும் சத்தம். மூன்று கூட்டாளிகள் துப்புத் துலக்கப் போகிறார்கள். என் மாயக்கதையின் இந்தத் தொடக்கத்தைப் போட்டு, உள்ளே இருப்பது யார் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் வெள்ளைக்காரத் துரையின் ஆவி என்றீர்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஸ்டோருக்கென்றே நம் தோட்டத்து ஆட்கள் கும்பிட்ட தெய்வம் ரோதமுனி இருக்கிறாரே! ஸ்டோரை மூடியதும் அவருக்குப் பூசை வைக்க ஆளில்லை. மர்மம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம், மேல்மாடியில் ஒவ்வொரு காலையும் புதுக் கொழுந்து பரப்பிக் கிடக்கும். அரைக்குமுன் கொழுந்து வாட ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம் ஆகும். பறித்தது யாரென்று கூட்டாளிகள் அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமை.