ஆன்டிவைரஸை எடுத்துவிட்டால் நெட் வேகம் கூடுமா? லேப்டாப்பில் மட்டும் படு ஸ்லோ

கொளத்தூர் ஜெயா:
எல்லாருக்கும் வணக்கம். கொளத்தூரில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். ஃபைபர் கனெக்‌ஷன், 150 எம்பிபிஎஸ் பிளான். ஹாலில் உட்கார்ந்து என் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 140 பக்கம் வருகிறது. அதே சோபாவில் அப்பாவின் லேப்டாப்பில் போட்டால் 30தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் 20ஐத் தாண்டுவதில்லை. நியூஸ் சைட் எதைத் திறந்தாலும் கொஞ்ச நேரம் வெறும் வெள்ளைத் திரை, அப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும்.

லேப்டாப்: ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காசு கொடுத்து வாங்கிய, ஆன்டிவைரஸ் அடங்கிய செக்யூரிட்டி பேக் போட்டிருக்கிறோம். நெட் கம்பெனியிலிருந்து வந்த பையன் லைனைப் பார்த்துவிட்டு, "லைன்ல ஒரு பிரச்சினையும் இல்ல மேடம், ஆன்டிவைரஸ்தான் இழுக்குது, தூக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா பென்ஷன் கணக்கு பார்ப்பது, எல்.ஐ.சி. பிரீமியம், இ.பி. பில் கட்டுவது எல்லாம் இதில்தான். தூக்கப் பயமாக இருக்கிறது. உண்மையிலேயே அதனால்தானா?

தாம்பரம் ராஜா:
தூக்கிடுங்க மேடம். விண்டோஸோடவே டிஃபெண்டர்னு ஒரு ஆன்டிவைரஸ் வருது, வீட்டுக்கு அது போதும். காசும் மிச்சம்.

அம்பத்தூர் நெட்வொர்க்ஸ்:
கடைசியில் அந்த முடிவுக்கே வரலாம் ராஜா, ஆனால் முதல் வேலை அது இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும்.

ஜெயா மேடம், போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா? உங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் அனுப்பும். போன் 5இல் இருக்கும். அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் 2.4 மட்டும் பிடிக்கிற கார்டுதான். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. உங்கள் அபார்ட்மென்ட்டில் எத்தனை வீட்டு ரவுட்டர் பெயர் லிஸ்ட்டில் தெரிகிறது பாருங்கள். ராத்திரி எல்லாரும் வீட்டுக்கு வந்து படம் பார்க்க உட்கார்ந்ததும் அந்த மூன்றையும்தான் பங்கு போட வேண்டும். அந்த நேரத்தில் வேகம் இன்னும் விழுவது ஆன்டிவைரஸ் செய்கிற வேலை மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ரவுட்டர் பக்கத்தில் லேப்டாப்பைக் கொண்டுபோய் லேன் கேபிள் செருகி, வைஃபையை ஆஃப் செய்துவிட்டு ஒரு டெஸ்ட் போடுங்கள். கூடவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து, நியூஸ் சைட் வரும்போது சிபியு வரிசையில் யார் மேலே நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொளத்தூர் ஜெயா:
செய்து பார்த்தேன் சார். கேபிளில் 94 வருகிறது! வைஃபை லிஸ்ட்டில் எங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் போனில் தெரிகிறது, லேப்டாப்பில் வரவே இல்லை. ஆனால் கேபிள் போட்ட பிறகும் நியூஸ் சைட் அதே மாதிரி வெள்ளையாகத்தான் நிற்கிறது. சிபியு 100% போகிறது, மேலே ஆன்டிவைரஸ் பெயர்தான். 94க்கு மேல் ஏன் போகவில்லை என்றும் புரியவில்லை.

அம்பத்தூர் நெட்வொர்க்ஸ்:
94 வந்தாலே லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த லேப்டாப்பின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. தரவோடு கூடவே போகும் முகவரி மாதிரியான தகவலுக்கான இடம் போக அதில் 94, 95தான் கிடைக்கும். எதை எடுத்தாலும் அதற்கு மேல் ஏறாது. வைஃபையில் 30 வந்ததற்குக் காரணம் கார்டு. ஐந்து கிகாஹெர்ட்ஸ் பிடிக்கிற யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிச் செருகினால் அது தீர்ந்தது. பக்கம் திறக்கத் தாமதமாவது வேறு நோய்.

மடிப்பாக்கம் செந்தில்:
அந்த வேறு நோயைப் பற்றி நான் சொல்கிறேன், ஆபீஸில் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

ஸ்பீடு டெஸ்ட் என்பது ஓரிரு சர்வரோடு சில இணைப்புகளைத் திறந்து மொத்தமாகத் தரவை இறக்குவது. நியூஸ் பக்கம் அப்படி இல்லை. விளம்பரம், படம், எழுத்துரு, வீடியோ என்று பல சர்வர்களோடு தனித்தனியாகப் பேச வேண்டும். எச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பு என்பதால், ஒவ்வொரு இணைப்புக்கும் முதலில் பூட்டு சாவி பரிமாற்றம். உங்கள் செக்யூரிட்டி பேக்கில் 'வெப் ஸ்கேன்' இருந்தால் அது நடுவில் புகுந்து, சைட்டோடு தானே ஓர் இணைப்பு போட்டு, பூட்டை அவிழ்த்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழால் (இது இன்ன சைட்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி) மறுபடி பூட்டி பிரவுசருக்குத் தரும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஒவ்வொரு கூரியர் கவரையும் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டி மேலே அனுப்புவது மாதிரி. இரண்டு கோர் சிபியு திணறத்தான் செய்யும். ஸ்பீடு டெஸ்ட்டில் இது பெரிதாகத் தெரியாது.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி: குரோமில் நியூஸ் சைட்டைத் திறந்து, முகவரிக்கு இடது ஓரத்துச் சின்னத்தைத் தட்டுங்கள். கனெக்‌ஷன் இஸ் செக்யூர், அதற்குள் சர்டிஃபிகேட், அதில் 'இஷ்யூட் பை'. அங்கே ஆன்டிவைரஸ் கம்பெனி பெயர் இருந்தால் அதுதான் நடுவில் நிற்கிறது.

அப்படி இருந்தால் ஆன்டிவைரஸை எடுக்க வேண்டாம். செட்டிங்ஸில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கை மட்டும் ஆஃப் செய்து, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். ஃபைல்களைப் பார்க்கும் ரியல்-டைம் பாதுகாப்பில் கை வைக்காதீர்கள். குரோமில் சேஃப் பிரவுசிங் ஆன் ஆக இருக்கட்டும், போலி பேங்க் பக்கம் வந்தால் எச்சரிக்கும்.

கொளத்தூர் ஜெயா:
அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி! நியூஸ் சைட்டில் ஆன்டிவைரஸ் கம்பெனி பெயர்தான் இருந்தது. பேங்க் சைட்டில் மட்டும் வேறு பெயர். ஸ்கேனிங்கை நிறுத்தியதும் பக்கம் டக்கென்று வருகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை நாள் நான் அடிச்ச பாஸ்வேர்டை எல்லாம் இது பாத்துதா?" என்று கேட்கிறார்.

மடிப்பாக்கம் செந்தில்:
அப்பாவின் கேள்வி நியாயமானது. பல பேக்குகள் பேங்க் சைட்டை மட்டும் பிரிக்காமல் விட்டுவிடும், உங்களுடையதும் அப்படித்தான். மற்ற சைட்டில் அவிழ்ப்பது உங்கள் மெஷினுக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் அந்த மென்பொருளை நீங்கள் முழுசாக நம்பியாக வேண்டும், அதுதான் விஷயம். இந்த முறையைத் தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே போட்டு வந்து, 2015இல் அம்பலமான சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருள் உதாரணம். விளம்பரம் காட்ட நடுவில் புகுந்தது, எல்லா மெஷினிலும் ஒரே சாவி. அந்தச் சாவி வெளியே தெரிந்துபோனது. 2017இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூகுள், மோஸில்லா, க்ளவுட்ஃப்ளேர் ஆட்களும் சேர்ந்து செய்த ஆய்விலும், இப்படி நடுவில் புகும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இணைப்பின் பாதுகாப்பைக் குறைக்கின்றன என்றுதான் வந்தது. அதனால் அதை ஆஃப் செய்ததை நினைத்து நீங்கள் கவலைப்படத் தேவையே இல்லை.

போரூர் மீனா:
ஜெயாக்கா, அந்த பேக்கில் விபிஎன் (நம்ம நெட்டை வேற ஊர் சர்வர் வழியா சுத்தி அனுப்பறது) இருக்கான்னும் பாருங்க. எங்க வீட்ல அது தானா கனெக்ட் ஆகிட்டு இருந்துச்சு, எல்லாம் சிங்கப்பூர் போய்ட்டு வந்துச்சு. விபிஎன் கம்பெனிங்க பயனர் விவரத்தைச் சேர்த்து வைக்கணும்னு 2022 ஏப்ரல்ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு வந்த பிறகு பெரிய விபிஎன் கம்பெனி சிலது இங்க இருந்த சர்வரை எடுத்துட்டாங்க.

கொளத்தூர் ஜெயா:
பார்த்தேன் மீனா, விபிஎன் ஆஃப்தான். கடைசியாக ஒன்று: சந்தா முடியப்போகிறது. புதுப்பிக்கவா, ராஜா சார் சொன்னபடி டிஃபெண்டருக்கே போகவா?

அம்பத்தூர் நெட்வொர்க்ஸ்:
டிஃபெண்டருக்குப் போகலாம், அது எச்டிடிபிஎஸ்ஸை இப்படிப் பிரிக்காது. ஆனால் சாதாரண அன்இன்ஸ்டால் மட்டும் செய்தால் நெட்வொர்க் டிரைவர் மிச்சங்கள் ஒட்டிக்கொண்டு, நெட்டே வராமல் போவதும் உண்டு. அந்தக் கம்பெனி சைட்டிலேயே ரிமூவல் டூல் இருக்கும், அதை ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ரியல்-டைம் ஆன் ஆகிவிட்டதா என்று பார்த்த பிறகே பேங்க் சைட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14ஓடு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, ஏழாம் தலைமுறை ஐ3க்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏறாது. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில், பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துத் தரும் திட்டத்தில் சேரச் சொல்லிக் காட்டினால் இன்றைக்கே சேர்ந்துவிடுங்கள். சந்தாவுக்கு வைத்திருந்த பணத்தோடு கொஞ்சம் போட்டு எஸ்எஸ்டி (பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) வாங்கலாமா என்று கேட்டால், புது லேப்டாப்புக்குச் சேர்த்து வையுங்கள் என்றுதான் சொல்வேன். பென்ஷன் கணக்கு இருக்கிற மெஷின் அது.